பிரபாகர் விமானத்துக்கு இவரு செஞ்ச வாலு

எங்கூட்டுக்காரரு சின்னராஜு பாத்ரூம் கதவு செய்யறவரு. மாரண்டஹள்ளியில ஃபைபர் கதவு வேணும்னா அவரு பட்டறையத்தான் கை காட்டுவாங்க. எட்டி ஒதைச்சாலும் அசையாது. அதுல மனுசனுக்கு அத்தனை கர்வம்.

என் தம்பி பிரபாகருக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. லீவு நாளெல்லாம் எங்கம்மா வூட்டுக் கொட்டாயில ஒத்தை ஆளு பறக்கற விமானம் ஒண்ணு கட்டிக்கிட்டிருந்தான். பைத்தியமாடான்னு நான் திட்டாத நாளில்ல. றெக்கையெல்லாம் அவனே செஞ்சுட்டு, வாலை மட்டும் இவருகிட்டக் குடுத்தான். கண்ணாடிநார்த் துணி ரெண்டு சுத்துக்கு மேல போடாதீங்க மாமா, அதுல பூசற பிசினை நல்லா வழிச்சு எடுத்துடுங்க, பலமெல்லாம் துணியிலதான், மிச்சப் பிசின் வெறும் கனம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். வாலு கனத்தா மூக்கு மேல தூக்கிக்குமாம், அப்புறம் எறக்கவே முடியாதாம்.

இவரு ரெண்டு சுத்து போட்டு, காஞ்சதும் வெயில்ல தூக்கிப் பாத்திருக்காரு. வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து ஊடுருவி வந்திருக்கு. இதை நம்பியா மச்சான் மேல போறதுன்னு பயம் புடிச்சுக்கிச்சு. யாருகிட்டயும் மூச்சு விடாம உள்பக்கம் இன்னும் ரெண்டு சுத்து போட்டு மூடிட்டாரு. எனக்கே இது பின்னாடிதான் தெரியும்.

வாலை எடை போட்டுப் பாத்தியாடான்னு தம்பியைக் கேட்டேன். மாமா கை வெச்சதுக்குத் தராசு எதுக்குக்கான்னு சிரிச்சான், பாவி.

வத்திக் கெடந்த ஏரியில ஓட்டினான். எழும்புச்சு. மூக்கு தூக்குச்சு, தூக்கிக்கிட்டே போச்சு. அப்பிடியே வேகம் செத்து, ஒருபக்கமா சாஞ்சு விழுந்துச்சு. நாங்க ஓடிப் போயி எடுக்கறப்பவே அவனுக்கு உசுரு இல்ல. றெக்கை தூள் தூளாயிருந்துச்சு. வாலுல ஒரு கீறலில்ல.

அந்த வாலைக் கொட்டாய்க்குத் தூக்கிட்டு வந்தப்பதான் இவரு எங்கிட்ட ஒடைச்சுச் சொன்னாரு.

"பலமா இருக்கட்டும்னுதான் போட்டேன் அமுதா."

அடிக்கக் கை ஓங்கிட்டேன். என் தம்பியைக் கொன்னுட்டியேய்யான்னு கத்தினேன்.

கருமாதி அன்னிக்கு, அத்தைகிட்ட நானே சொல்லிடறேன்னு எங்கம்மா முன்னாடி போயி ஒக்காந்தாரு. இவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள அம்மா அவரு ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிச்சு.

"நீங்க செஞ்சது மட்டுந்தான் ஒடையாம நின்னுதுங்க மாப்ள. முழுசும் நீங்களே செஞ்சிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பான்."

இவரு திரும்பி என்னைப் பாத்தாரு. சொல்லிடுங்கன்னும் எனக்கு வாய் வரல, வேணாம்னும் வரல.