ரோஸினாவும் ரோபோட்டா என்ற சொல்லும்

ரோஸினாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. காரியஸ்தர் கிரான்ஸலோடு பதினைந்து மாதம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பேசாததோடு விட்டாளே என்று அந்த மனுஷன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரியா ஆட்சியிலிருந்த எங்கள் மொராவியாவில் அப்போது வாரத்துக்கு மூன்று நாள் ஜமீன் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு ரோபோட்டா என்று பேர். பின்னாளில் இரும்பு மனிதனுக்கும் ரோபோ என்று இந்தப் பேரையே வைத்தார்கள், பொருத்தம்தான். ரோஸினாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு குடிசை, ஓடையோரம் ஒரு துண்டுப் புல்வெளி, மாலினா என்ற பசு. ஜூன் மாதப் புல் கொட்டிலுக்கு வந்தால்தான் குளிர்காலத்தில் பசு பிழைக்கும், பசு பிழைத்தால்தான் இவள் பிழைப்பாள்.

1847 ஜூனில் அவள் அறுத்த புல் நன்றாகக் காய்ந்து வெளியில் கிடந்தது. புதன்கிழமை, ரோபோட்டா நாள், மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சட்டப்படி மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. மணி அடித்ததும் கவைக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லிண்டன் மரத்தடியில் ஜெர்மன்காரரான கிரான்ஸல் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. நாலு கேள்விதான்."

"புல்லு வெளியில கெடக்குதுங்க, ஐயா. மழை வருது."

"மழை எங்கயும் ஓடிடாது. ரோபோட்டாங்கற வார்த்தையப் பத்தி ப்ர்னோ பட்டணத்துப் பண்டிதர் சபைக்கு எழுதறேன். உங்க ஜனங்க அதை எப்படியெல்லாம் சொல்றீங்க?"

"எப்படிச் சொன்னாலும் முதுகு ஒண்ணாத்தான் வலிக்குது. போகட்டுங்களா?"

"நான் சொல்றப்ப போ."

அவர் அனுமதியில்லாமல் நகர்ந்தால் பிரம்படி. நின்றாள். அவர் கேட்டது கொஞ்சம், சொன்னது கொள்ளை. ரஷ்யாவில் இந்தச் சொல்லுக்கு வெறும் வேலை என்றுதான் அர்த்தமாம். ஹங்கேரிக்காரனும் ஆஸ்திரியா ஜெர்மன்காரனும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்களாம். பழைய ஸ்லாவிய மொழியில் இதன் வேர் அடிமை. ஜெர்மனில் வேலைக்குச் சொல்லும் 'ஆர்பைட்' கூட இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கிரேக்கத்துக்குப் போனால் அதே வேரில் அநாதை என்ற சொல் நிற்கிறதாம்.

"பாத்தியா, எவ்வளவு பெரிய குடும்பம்! நீயும் நானும் ஒரே வீட்டு வார்த்தையத்தான் பேசறோம்."

"அப்ப சொந்தக்காரியப் போக விடுங்க."

அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார். முதல் துளி அந்தப் பக்கத்தில்தான் விழுந்தது. நோட்டைக் கோட்டுக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, "சரி, போ," என்றார். ரோஸினா போய்ச் சேர்வதற்குள் வெளியெல்லாம் சேறு. மூன்று நாள் விடாமல் பெய்தது. புல் அழுகிவிட்டது.

அடுத்த வாரம் அவருக்கே உறுத்தியதோ என்னவோ, "உனக்கு ஒரு நாள் ரோபோட்டா தள்ளுபடி," என்றார்.

"அந்த நாளை மாடு திங்குமா?"

அதன்பின் பதினைந்து மாதம் அவரிடம் அவளுக்குப் பேச்சே இல்லை. நவம்பரில் மாலினாவைக் கசாப்புக்காரன் ஓட்டிக்கொண்டு போனான். அதற்கு முன்பே பக்கத்து வீட்டு ஃபிலோமேனா, "ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லித் தொலையேன், ஜமீன் புல்லாவது குடுப்பாரு," என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்," என்றாள் ரோஸினா. வாரம் மூன்று நாள் போனாள், வேலை செய்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் சக்கரவர்த்தி ரோபோட்டாவை ஒழித்தார். ஊரே பீர் குடித்து ஆடியது. கிரான்ஸலுக்கு வேலை போயிற்று. மூட்டை முடிச்சோடு வண்டியில் போனவர், ரோஸினாவின் புல்வெளி ஓரம் நிறுத்தினார். அவள் தன்னந்தனியாக இரண்டாம் அறுப்புப் புல்லைக் குவித்துக்கொண்டிருந்தாள், யாருக்கோ விற்பதற்காக. அந்த நோட்டு இன்னும் அவர் மடியில் இருந்தது.

"கோவம் வேண்டாம்மா. கடைசியா ஒண்ணே ஒண்ணு. இனிமே ரோபோட்டா கெடையாது. உங்க சொந்த நெலத்துல உங்களுக்காகச் செய்யறீங்களே, இந்த வேலைக்கு உங்க ஜனங்க என்ன பேரு சொல்வீங்க?"

ரோஸினா நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. அதைச் செய்ய நீங்க என்னைக்கு விட்டீங்க?"