கீழ்ப்பிடிக்காரனின் கல்லீரல்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் போய் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் முழிப்பார்கள். ஜாக்கி என்றால்தான் தெரியும். டயர் மாற்றும்போது லாரியைத் தூக்கிப் பிடிக்கிற அதே ஜாக்கி. பீரோவையோ ஃபிரிட்ஜையோ மாடியிலிருந்து இறக்கும்போது ஒருவன் மேலே பிடிப்பான், ஒருவன் கீழே பிடிப்பான். கனமெல்லாம் கீழ்ப்பிடிக்காரன் நெஞ்சில்தான் வந்து உட்காரும். போதாததற்கு அவன் பின்பக்கமாகவே படி இறங்க வேண்டும். கால் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாது, மேல்பிடிக்காரன்தான் கண். "இன்னும் ஒரு படி, இடது பக்கம் செவுரு, நில்லு, இப்ப வா" என்று அவன் சொல்லச் சொல்ல இவன் நம்பி இறங்குவான். ஜாக்கி எப்போதும் கீழ்ப்பிடி. அதை விட்டுக் கொடுத்ததே கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுக்கு ஒரே மேல்பிடிதான், நெட்டை. ஆள் உயரம், பேச்சு மட்டும் கம்மி. வாரக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து குடிப்பார்கள். ரொம்ப ஒன்றுமில்லை என்று ஜாக்கி சொல்வான். அவன் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

பிறகு ஜாக்கியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலிக்கவில்லையே என்று கண்டுகொள்ளாமல் இருந்தான். புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் முடி போனது, பசி போனது, ஜாக்கி என்ற பெயருக்கு இருந்த மரியாதையும் போனது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது, லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் படிகளில் அவனை நெட்டைதான் தூக்கிக்கொண்டு ஏறினான். மேல்பிடி, கீழ்ப்பிடி எல்லாம் போய் ஜாக்கியே சாமான் ஆகிவிட்ட காலம் அது. இனிமேல் குடியைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நெட்டை, "சரி, நானும் விட்டுடறேன்" என்றான். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னான். அப்படியே விட்டும் விட்டான்.

நோய் அடங்கியது. ஜாக்கி வேலைக்குத் திரும்பினான். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு இருந்ததால் முதலாளி அவனை மேற்பார்வைக்குப் போட்டார். வாசலில் நின்று எந்தச் சாமான் எந்த அறைக்கு என்று சொன்னால் போதும். நிழல் உண்டு, நாற்காலி உண்டு. வேறு ஒருவனாக இருந்தால் முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். ஜாக்கிக்கு அந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது. போகிற வீட்டிலெல்லாம், "நீங்க உக்காருங்க, ஏன் நிக்கறீங்க" என்றார்கள். ஒரு வீட்டில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, தன் தையல் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு இவனைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில், "பாத்து, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு போனாள். அன்றைக்கு அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த வீட்டிலேயே கீழ்ப்பிடிக்கு நின்ற ஆளை நகரச் சொல்லிவிட்டுத் தானே போய் நின்றான். மேலே இருந்த நெட்டை, "வேணாம்டா" என்றான். "பிடிடா" என்றான் ஜாக்கி. நெட்டை பிடித்தான். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியைப் பொறுத்தவரை அவன் இன்னமும் நிழலில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறான்.

உடம்பு சும்மா விடுமா? தோள், முதுகு, முட்டி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்குப் போனான். ஒரு கடையில் உடம்பு வலிக்கு வெள்ளை மாத்திரை, இன்னொரு கடையில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மஞ்சள் மாத்திரை, வேறொரு கடையில் கொஞ்சம் காட்டமானதாக நீள மாத்திரை. ஒரே மாத்திரையை விடாமல் போட்டால்தானே கெடுதல், மாற்றி மாற்றிப் போட்டால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் கண்டுபிடிப்பு. உடம்பு என்ன முதலாளியா, ஆளை மாற்றினால் ஏமாந்து போக? ஆனால் இதை அவனிடம் சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை. மாத்திரை போடுவதை அவன் யாருக்கும் காட்டவில்லை, நெட்டையைத் தவிர.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். புற்றுநோய் இருந்த சுவடே இல்லை. கல்லீரல் எண்கள் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தன.

"லேசாத்தான் ஏறியிருக்கு. இந்த மாதிரி ட்ரீட்மென்ட் எடுத்தவங்களுக்கு இப்படி ஏறும், தானா இறங்கவும் செய்யும். பயப்பட ஒண்ணுமில்ல. வேற ஏதாவது மருந்து, மாத்திரை எடுக்கறீங்களா?"

"இல்லைங்க."

"குடிக்கறீங்களா?"

இதற்கும் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். ஆனால் முதல் பொய்யைச் சொன்ன வாய் அடுத்த உண்மைக்குத் திறக்கக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதத்தை மனைவி பார்த்துவிட்டாள். பிறகு அவன் சொன்ன "இல்லைங்க" யார் காதிலும் ஏறவில்லை.

வெளியே வந்ததும் அவள், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. "அந்த அண்ணன்தான ஊத்திக் குடுக்கறாரு?" அதற்கும் பதில் இல்லை.

ஏன் பேசாமல் இருந்தான் என்று கேட்டால், சொல்லவே கேவலமான காரணம்தான். குடிக்கிறான் என்று நினைத்தால் திட்டுவாள், அவ்வளவுதானே. நாலு மாத்திரை போடாமல் ஒரு ஃபிரிட்ஜைத் தாங்க முடியவில்லை என்று தெரிந்தால் பாவம் பார்ப்பாள். திட்டு வாங்குகிறவன் ஆம்பிளை, பாவம் பார்க்கப்படுகிறவன் நோயாளி. நோயாளியாக இருந்து இருந்து அவனுக்கு அலுத்துப் போயிருந்தது. அன்றைக்கு அவள் திட்டத் திட்ட உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் பின்னால் அவனுக்கே உடம்பு கூசியது.

அந்த வாரம் நெட்டை வழக்கம்போல வீட்டுக்கு வந்தான். அவள் கதவைப் பாதி திறந்து, பாதியிலேயே நின்றாள். "இனிமே இங்க வராதீங்கண்ணே. சாகப் பொழைக்கக் கெடந்து எந்திரிச்ச மனுஷன். அவருக்குப் போய் ஊத்திக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நெட்டை அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். ஜாக்கி நாற்காலியில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு நெட்டை படி இறங்கிப் போனான்.

அவள் அதோடு விட்டாளா? நெட்டையின் மனைவிக்கும் போன் போட்டாள். "அண்ணி, உங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் பாத்துக்குங்க. அவரு நிறுத்தினது எல்லாம் சும்மா." பக்கத்து அறையில் ஜாக்கி ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டான். எழுந்து போய் போனைப் பிடுங்கியிருக்கலாம். ஃபிரிட்ஜைத் தூக்குகிற கைக்கு ஒரு போனைப் பிடுங்கத் தெம்பு வரவில்லை.

சில நாள் கழித்து ஒரு பீரோவோடு இருவரும் படி வளைவில் நின்றார்கள். நெட்டை மேலிருந்து கேட்டான். "உன் வீட்டுல என்னடா சொல்லி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"அதான் கேக்கறேன்."

ஜாக்கி பீரோவின் அடியை மாற்றிப் பிடித்தான். "இன்னும் ஒரு படி. வா" என்றான் நெட்டை. கடைசிப் படிவரை சரியாகவே சொன்னான். சாயங்காலம் முதலாளியிடம் போய் வேறு லாரிக்கு மாற்றிக்கொண்டான்.

அடுத்த ரத்தப் பரிசோதனையிலும் எண் இறங்கவில்லை. எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதும் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று அவளுக்குப் பயம். தேதி வாங்க அவள் வெளியே போனாள். கதவு சாத்தியதும் டாக்டரம்மா கேட்டார்.

"உங்க கையில என்ன புதுசா இவ்வளவு காய்ப்பு? மேற்பார்வை பாக்கறவருக்குக் கையா இது?"

ஜாக்கி சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"இந்த மூணுக்கும் பேருதான் வேற. உள்ள இருக்கறது ஒரே மருந்து. அளவுக்கு மேல போனா கல்லீரலைத்தான் பதம் பார்க்கும். கனம் தூக்கினாலும் இதுல ஒரு எண் ஏறும். ரெண்டையும் நிறுத்துங்க. இதைச் சொல்றதுக்கு என்ன வெட்கம்?"

"வீட்டுல தெரிய வேணாங்க" என்றான். "அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார் அவர்.

ரெண்டையும் நிறுத்தினான். மாத்திரைகளைக் குப்பையில் போட்டான். வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அடுத்து எடுத்த ரத்தத்தில் எல்லா எண்களும் இறங்கி, இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றன. உடம்பைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது. மனைவிக்கு வாயெல்லாம் பல். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே சொன்னாள்.

"பாத்தீங்களா? அந்த ஆளை வீட்டுப் பக்கம் வர விடாம பண்ணினதும் எப்படி இறங்கிடுச்சு? நான் சொன்னா யாரு நம்பறீங்க? இப்ப ரத்தமே சொல்லுது." சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். "இருங்க, அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். அவங்க பாவம், அண்ணன் குடிக்கறாரா இல்லையான்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருக்காங்க."

இத்தனை நாள் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். இப்போது அவன் ரத்தமே எழுந்து நின்று நெட்டைக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது. ஜாக்கி அவள் கையைப் பிடித்தான்.

"போடாத. அவன் குடிக்கல. நானும் குடிக்கல."

மாத்திரை, கீழ்ப்பிடி, தையல் மெஷின் டீச்சர் எல்லாவற்றையும் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே சொல்லி முடித்தான். ஒரு பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது. அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் அவரை வாசல்ல நிக்க வச்சுப் பேசினப்ப நீங்க உள்ளதான இருந்தீங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

அடுத்து வந்த பஸ் அவர்கள் வீட்டுக்குப் போகிற பஸ் இல்லை. அவள் அதில் ஏறினாள். அவனும் பின்னாலேயே ஏறினான்.

நெட்டையின் வீட்டுக் கதவை அவன் மனைவிதான் திறந்தாள். நெட்டை உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து அறுந்துபோன செருப்பு வாரை ஒட்டிக்கொண்டிருந்தான். ஜாக்கியின் மனைவி நேரே போய் அவன் முன்னால் நின்றாள். "தப்புப் பண்ணிட்டேண்ணே. தெரியாமப் பேசிட்டேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். நெட்டையின் மனைவியைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். இவன் செய்த தப்புக்கு அவள் குனிந்து நிற்பதை ஜாக்கி கதவோரமாக நின்று பார்த்தான். ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் எங்கே ஓடினாலும் கூடவே வரப்போகிறவனும் இவன்தானே.

"விடும்மா. உனக்கு என்ன தெரியும், நீ பயந்துட்ட" என்றான் நெட்டை. "உக்காரு." அவளுக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டு எழுந்தான். நெட்டையின் மனைவி சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"மன்னிச்சுக்கடா" என்றான் ஜாக்கி. சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு சிறியது என்று அவனுக்கே தெரிந்தது.

நெட்டை செருப்பைக் கீழே வைத்தான். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"கொஞ்ச நாளா நான் வேலை விட்டு வந்ததும் அவ என் கிட்டத்துல வந்து நிப்பாடா. மூஞ்சிக்கு நேரா. இத்தனை வருஷத்துல அப்படி வந்ததே இல்ல. பாசத்துல வர்றான்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு." விரலில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்தான். "மோந்து பாக்க வர்றான்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

சமையலறையிலிருந்து அவள் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். நெட்டையே அதை வாங்கி ஜாக்கியிடம் நீட்டினான்.

"ரத்தம் எடுத்தீங்களே, என்ன ஆச்சு? இறங்குச்சா?"

கேட்ட குரலில் குத்தல் இல்லை, உண்மையாகத்தான் கேட்டான். அதுதான் ஜாக்கியால் தாங்க முடியாததாக இருந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏதோ திருடிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவன் மாதிரிச் சொன்னான்.

"இறங்கிடுச்சுடா. எல்லாம் சரியா இருக்காம்."

"நல்லது" என்றான் நெட்டை. பிறகு சமையலறை வாசலில் நின்ற தன் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.