சவுண்டு பாக்ஸில் சித்தப்பா

எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் சித்தப்பா இரண்டு இடங்களில் குடியிருந்தார். ஒன்று, வீட்டை இரண்டாக்கிய செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம். இன்னொன்று, எங்கள் டிவியோடு சேர்த்து வைத்திருந்த சவுண்டு பாக்ஸுக்குள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரோடு அப்பா பேசுவதில்லை. சவுண்டு பாக்ஸுக்குள் இருந்தவரை அப்பா திட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

உடையார்பாளையத்திலிருந்து அரியலூர் போகும் வழியில்தான் எங்கள் ஊர். சண்டைக்குக் காரணம் முந்திரிக் காடு. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்த சித்தப்பா, காட்டைச் சுண்ணாம்புக்கல் வெட்டக் கேட்கிறவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார். காய்க்கிற மரத்தைச் சாய்த்துவிட்டு எவனாவது கல்லைத் தோண்டுவானா என்றார் அப்பா. பேச்சு தடித்தது, சொந்தக்காரர்கள் கூடினார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது முடிவாகவே இல்லை. சுவர் மட்டும் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. அம்மாவும் சித்தியும் அந்தச் சுவருக்கு மேலேயே குழம்புக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டார்கள். எனக்கும் போக வரத் தடையில்லை. பேசாதவர்கள் அண்ணனும் தம்பியும் மட்டும்தான்.

சித்தப்பா பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசுவதற்கான அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர். அவர் வீட்டுச் சின்ன அறையில் பேசவும் கேட்கவும் ஒரு பழைய ரேடியோ செட் இருந்தது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. சித்தப்பா சிரிப்பார். மாடியில் நட்ட இரும்புக் குழாயிலிருந்து ஏரியலாக ஒரு செம்புக் கம்பி புறப்பட்டு, சுவரைத் தாண்டி, எங்கள் கொல்லை வேப்பமரத்தில் போய் முடியும். வீடு ஒன்றாக இருந்தபோது கட்டிய கம்பி. பாகம் பிரித்தபோது அண்டா குண்டா வரைக்கும் பிரித்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

தை மாதத்துப் பனியில் அந்தக் கம்பி முழுக்கத் துளித்துளியாக நீர் கோத்து நிற்கும். வெயில் ஏறும்போது ஒவ்வொன்றாகச் சொட்டும். அதன் மேல் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்து வாலை ஆட்டும். சித்தப்பாவின் பேச்சு கம்பி வழியாக ஓடி, குருவியின் காலைக் கடந்து, வேப்பமரத்து உச்சியில் கிளம்பி மேலே போகிறது என்று நான் நம்பினேன். போகும்போது அந்தக் குருவிக்கு ஏதாவது கேட்குமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சித்தப்பா ஹெட்போனை என் காதில் மாட்டிவிடுவார். முதலில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். குமிழை மெல்லத் திருகினால் விசில், அதற்குள் ஒரு விசில், பிறகு எங்கேயோ கிணற்றடியில் பேசுவதுபோல் மனிதர்கள். தெரியாத பாஷையில் ஒருவர் சிரிப்பார். அது யார் என்று கேட்பதற்குள் அமிழ்ந்துபோவார். ஜன்னல் வழியே முந்திரிப் பூ வாசனை வந்துகொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் நான் அரியலூர் மாவட்டத்தில் இல்லை. எங்கே இருந்தேன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். ஒருவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் மட்டும் பேசவேண்டும், முடித்ததும் "ஓவர்" சொல்லவேண்டும், அதுவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது என்பதால் எனக்கு அது பெரிய அதிசயம். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு அவர்கள் பேசியது என்னவோ பனி எப்படி, மழை உண்டா என்பதுதான். "உங்க சத்தம் நல்லா கேக்குது" என்று யாராவது சொன்னால் போதும், சித்தப்பா அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார்.

அந்த நேரத்தில்தான் இந்தப் பக்கம் அப்பா செய்தி பார்ப்பார். சித்தப்பா அங்கே மைக்கின் பொத்தானை அமுக்கியதும் எங்கள் சவுண்டு பாக்ஸ் கொழகொழவென்று உளற ஆரம்பிக்கும். தொண்டையில் களி சிக்கிய வாத்து மாதிரி ஒரு சத்தம். ஒரு வார்த்தை விளங்காது. மந்திரி வாயைத் திறப்பார், வாத்து பேசும். எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியாது.

ஒரு ஞாயிறு தேர்தல் முடிவோ என்னவோ, அப்பா முக்கியமாக எதையோ கேட்கக் காத்திருந்தார். சரியாக அப்போது உளறல். அப்பா எழுந்து கொல்லைக்குப் போய் வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, சுவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உங்க சித்தப்பன்கிட்ட போயி சொல்லு. மரம் எம் பாகத்துல இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம இந்தச் சத்தம் வந்துச்சு, கம்பிய மரத்தோட சாச்சுப்புடுவேன்."

கம்பி போனால் அப்பளச் சத்தம் போச்சு, கிணற்றடி மனிதர்கள் போச்சு, எல்லாம் போச்சு. அழுதுகொண்டே ஓடினேன்.

சித்தப்பா முதலில், "குத்தம் எங்கிட்ட இல்ல பாப்பா, உங்க வூட்டு பாக்ஸு மேல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு. பக்கத்து வூட்டுக்குத் தொந்தரவு குடுத்தா நாங்களே சரிபண்ணிக் குடுத்துடணும். அதான் எங்க ரேடியோக்காரங்க வழக்கம்" என்றார்.

வழக்கம் சரி, ஆனால் அவர் எங்கள் வீட்டுப் படியேற முடியாதே. கம்ப்யூட்டர் ஒயரின் நுனியில், எலியை விழுங்கிய பாம்புக்கு வயிறு உப்பியதுபோல் ஒரு குண்டு இருக்குமே, அதற்குள் இருப்பது ஒரு கறுப்பு வளையம். அந்த மாதிரி, திறந்து மூடுகிற வளையங்கள் இரண்டை மேஜை டிராயரிலிருந்து எடுத்தார். இதற்குள் சவுண்டு பாக்ஸ் ஒயரைச் சுற்றிவிட்டால் ரேடியோ சத்தம் அங்கேயே நின்றுவிடும், செய்தி மட்டும் போகும் என்றார். எங்கே எப்படி மாட்டவேண்டும் என்று ஒரு நூல்கண்டை வைத்துச் செய்து காட்டினார்.

நான் டிவிக்குப் பின்னால் புகுந்து மாட்டினேன். அப்பா தடுக்கவில்லை. இருட்டாக இருக்கிறது என்று அவரே டார்ச் அடித்தார், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாட்டி முடித்ததும் கொல்லைக்கு ஓடி, "பேசுங்க சித்தப்பா!" என்று கத்தினேன்.

டிவியில் ஒரு பெண் வெங்காயத்தின் விலையைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா காதைச் சாய்த்தார்.

"பேசுறானா?"

கொல்லைக்கு ஓடிக் கேட்டு வந்தேன். "பேசிக்கிட்டுதாம்ப்பா இருக்காரு."

"ஒண்ணுமே கேக்கலயே" என்றார் அப்பா.

"அதாம்ப்பா, சரியாப்போச்சு!" என்று குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு சவுண்டு பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மரம் பிழைத்தது என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஓடி, இனிமேல் எங்கள் வீட்டில் உங்கள் சத்தம் பொட்டுக்கூடக் கேட்காது என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கெட்டிக்காரி என்று என் தலையைத் தடவினார். அவர் ஏன் அப்புறம் மைக்கை ஓரமாக வைத்துவிட்டு ரேடியோவை அணைத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு செய்தி கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. அப்பாவுக்குத்தான் அதில் மனம் ஒட்டவில்லை. சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், சேனலை மாற்றினார். "உங் கொழுந்தன் இன்னைக்கு வூட்டுல இல்லயா?" என்று அம்மாவிடம் கேட்டார். அப்பா இப்படி வாய்விட்டு விசாரித்து நான் கேட்டதே இல்லை. அம்மா வாசல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு நான் கொஞ்சம் தாமதமாக எழுந்தேன். கூடத்திலிருந்து கொழகொழவென்று வாத்துச் சத்தம். பதறிப்போய் ஓடினேன். டிவி அணைந்திருந்தது. சவுண்டு பாக்ஸின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். வளையங்கள் இரண்டும் ஜன்னல் கட்டையில் கிடந்தன.

எனக்குக் கோபமான கோபம். எவ்வளவு பாடுபட்டு மாட்டியது! மரம் இன்றைக்குப் போகப்போகிறது, அதற்குச் சாட்சி சேர்க்கத்தான் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். வளையங்களை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பின்னால் புகப் போனேன்.

"இரு பாப்பா" என்றார் அப்பா, கையை நீட்டி மறித்து. "அவன் பேசி முடிக்கட்டும்."

நின்றேன். பாக்ஸ் உளறிக்கொண்டே இருந்தது. நடுவில் கொர்ரென்று ஒரு சத்தம், மறுபடி உளறல், மறுபடி கொர். அப்பா முன்னால் குனிந்தார்.

"இருமுறான் பாரு. பனியில மாடி ஏறாதடான்னா கேக்கறானா?" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எனக்கு அதில் இருமலும் கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. இத்தனை நாள் செய்தி கெட்டது, செய்தி கெட்டது என்று கத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு ரேடியோ பாஷை நன்றாகத் தெரிந்திருக்கிறது, எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.