பல்கனியில் ஒரு பாலைவனம்

புட்டு மா அரிக்கும் அரிதட்டில் அம்மா சரளைக்கல் அரித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். "ஆட்டாதை, பிள்ளை, கல்லெல்லாம் சட்டைக்குள்ள போகுது." நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அடுத்த வாரம் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

அம்மாவின் பெயர் இமெல்டா. சுவிஸின் இன்டர்லாக்கன் நகரில் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. பச்சையாக எது நின்றாலும் தண்ணீர் ஊற்றுவார். ஹோட்டல் வரவேற்பறையின் பிளாஸ்டிக் பனைக்கும் ஊற்றினார். பிடிபட்டபோது, "தூசி போகட்டும் எண்டு" என்றார்.

அவருடைய பருப்பை மெச்சிய அமெரிக்க விருந்தாளி ஒருவர், பாலைவன அஸ்ட்ராகலஸ் விதைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக்குச் சொந்தக்காரச் செடி. மணலும் சரளையும்தான் அதன் வீடு. சோடி சோடியாகச் சிற்றிலைகள். வெயிலைத் திருப்பி அனுப்ப அவற்றின்மேல் வெள்ளை மயிர். ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கும். ஈரம் தங்கினால் அழுகும்.

முளைத்தவை மூன்று. ஐன்சீடெல்ன் மாதா கோயில் ஊற்றிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அம்மா நாள்தோறும் தெளித்தார். இரண்டு செத்தன.

"தீர்த்தத்தால ஆரும் சாவினமோ?"

"வேர் அழுகிப்போச்சு அம்மா. உது பாலைவனச் செடி."

"யேசுவும் நாப்பது நாள் பாலைவனத்தில இருந்தவர்தானே. அவர் தண்ணி குடிக்கேல்லையோ?"

நான் தண்ணீருக்குத் தடை போட்டேன். "பட்டினி போட்டு வளக்க நானென்ன ஜெயில்காரியோ?" என்று முறைத்தார். ஆனாலும் அன்றுமுதல் தீர்த்தப் போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு, மூடிய போத்தலாலேயே செடிக்குச் சிலுவை போட்டார்.

மிஞ்சிய செடியின் முதற்பூவைத் தன் கையால் ஐன்சீடெல்ன் மாதாவுக்கு வைப்பதாக நேர்த்தி. ஜெபக்கூட்டம் முழுவதும் சொல்லியாயிற்று. அங்கே வரும் அம்மாவின் சிநேகிதி டயனா அன்ரிதான் நக்கலடித்தார்: "உந்தப் பூனைமயிர் எங்கையடி பூக்கப்போகுது?"

"பூக்கும். நீ வாயை மூடிக்கொண்டு என்னோட ஐன்சீடெல்னுக்கு றெயின் ஏறு."

அது பூக்கவேண்டுமென்றுதான், அன்று அரித்த சரளையைப் பல்கனியில் நீண்ட வடிகால் குழாய் ஒன்றில் நிரப்பி, வேர் அசையாமல் செடியை இறக்கினோம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் செடி பூத்தது. ஊதா நிறம். அவரைப்பூவின் அச்சு. டயனா அன்ரி வந்து குனிந்து பார்த்தார்.

"பூத்திட்டுதடி, விசரி." அம்மாவிடம் சொல்வதுபோல் பூவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் கொண்டுபோய் வைக்கட்டோ, பிள்ளை?"

நான் சரியென்று தலையாட்டினேன். கிள்ளப் போன கையை அவர் பின்னுக்கு இழுத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவள் தன்ர கையால வைக்கிறனெண்டெல்லோ நேந்தவள்." பூ ஐன்சீடெல்னுக்குப் போகவில்லை.