அவர் எண்பதுக்கு மேல் ஓடவில்லை

அண்ணை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். என் கணவர் காரை வேகமாக ஓடிச் சாகவில்லை. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "கண்மண் தெரியாமல் ஓடினவன், அதுதான் போனவன்" என்று சொன்னீர்கள். நான் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தேன். வேகமானியின் முள் சட்டம் அனுமதித்த எண்பதைத் தாண்டவில்லை.

ஜெர்மனியில், இந்தக் கெல்சென்கிர்ச்சனில் இருபத்தாறு வருடம் இருந்தோம். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில், நான் துப்புரவு வேலையில். விடுமுறை என்று எங்கும் போனதில்லை. கடற்கரையில் ஒரு கிழமை இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதைக் கேட்டுத்தான் உங்கள் பழைய வோன்வாகனை, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் அந்த வீட்டு வண்டியை, எங்களுக்கு விற்றீர்கள்.

மகள் இங்கே பிறந்தவள். வண்டியின் பத்திரத்தையும் எங்கள் காரின் பத்திரத்தையும் வாசலில் நின்றே வாசித்தாள்.

"அப்பா, எங்கட கார் ஆயிரத்து முந்நூறு கிலோதான் இழுக்கலாம். இது சாமான் ஏத்தினா ஆயிரத்தைந்நூறு வரும்."

நீங்கள் சிரித்தீர்கள். "பிள்ளை, உது வெறும் ஆயிரத்து நூறு. நான் எத்தினை வருசம் இழுத்தனான்?"

"நீங்கள் ஜீப்பால இழுத்தனீங்கள், மாமா."

"டொச்சுக்காரன் தும்முறதுக்கும் கடதாசி கேப்பான். நீயும் அவங்களைப் போல வந்திட்டாய்."

நான்தான் மகளை அதட்டினேன். "பெரியாக்களோட வாய் காட்டாதை." அவள் பத்திரங்களை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். என் கணவர் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் முதல் அகதி விண்ணப்பத்தை எழுதித் தந்தவர் நீங்கள். உங்களிடம் போய், தராசில் ஏற்றிக் காட்டுங்கோ என்று எப்படிக் கேட்பது? எங்களுக்கு அது மரியாதைக் கேடு. அந்த மரியாதைக்கு ஒரு மனிதரைக் கொடுத்தேன்.

வெளியில் வாங்கிச் சாப்பிட எங்களுக்கு மனம் வராது. அரிசி மூட்டை, காஸ் அடுப்பு, கிரைண்டர், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள் என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். வழியனுப்ப வந்த நீங்கள் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "கனமானதைப் பின்னுக்கு வையுங்கோ தங்கச்சி. கொழுக்கியில பாரம் குறையும், கார் லேசாப் போகும்." அரிசியையும் தண்ணீரையும் தூக்கிக் கொண்டுபோய்ப் பின் தட்டில் அடுக்கியது நான். இந்தக் கைகள்தான்.

மகளுக்குப் பரீட்சை. அவள் வரவில்லை. நாங்கள் இருவரும்தான் போனோம். நெடுஞ்சாலையில் ஓர் இறக்கம். பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்றில் வண்டியின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. "என்னப்பா, பின்னால ஆடுது" என்றேன். "பிடிச்சுக்கொள்ளும்" என்றார். பிறகு வண்டி இழுத்த பக்கமெல்லாம் கார் போனது. நான் பிழைத்தேன். அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார்.

விபத்தை ஆராய்ந்தவரின் அறிக்கையை மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள். வண்டி எங்கள் கார் இழுக்கக்கூடியதை விடக் கனம். பாரம் நடுவில், சில்லுகளின் அச்சுக்கு மேலே இருந்திருக்க வேண்டும். பின்னால் இருந்ததால் முன்பக்கம் கிளம்பி, வண்டி வால் போல ஆடியிருக்கிறது. ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். "நான் சொன்னனான்தானே அம்மா" என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நானும் அழுது தீர்த்துவிடுவேன்.

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு மணல் கிடங்கு இருக்கிறது. அங்கே வண்டி நிறுக்கும் தராசு உண்டு. கேட்டால் யாருக்கும் நிறுத்துக் கொடுப்பார்களாம். வேலை முடிந்து வரும்போது சில நாள் அங்கே போய் நிற்கிறேன். லொறிகள் ஏறும், இறங்கும். ஐந்து நிமிட வேலை, அண்ணை.

என் பிழையை நான் எழுதிவிட்டேன். மகளின் வாயை அடைத்தேன், பாரத்தைப் பின்னால் வைத்தேன். செத்தவர் மேல் பழி போட மட்டும் விடமாட்டேன். அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடியுங்கள். கனமானதைப் பின்னுக்கு வை என்று சொன்னது நீங்களா, இல்லையா? மகள் முன்வரிசையில் இருப்பாள். எல்லாருக்கும் கேட்க, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.