குதிகாலில் வைத்த பிளேடு

கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு. இந்த வாரப் பத்தியில் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரி செல்வி. ஏலக்காய் பறிக்கப் போகிறவள். விடிவதற்குள் ஜீப்பு ஏறினால், பகல் முழுக்க மலையில் ஈர மண்ணில் நிற்கிற சோலி. கீழே இறங்கினால் வறண்ட காற்று. கால் என்ன ஆகும்? இரண்டு குதிகாலிலும் ஆழமான பித்தவெடிப்பு.

போன மாதம் செருப்பு வாங்க என்னையும் கடைவீதிக்குக் கூட்டிப்போனாள். ஒரு ஜோடி பிடித்திருந்தது. காலை நுழைக்கப் போனவளைக் கடைக்காரர் தடுத்தார்.

"இந்தக் கால வச்சுப் போட்டுப் பாக்காதக்கா. செருப்பு கிழிஞ்சிரும்!"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வி பழைய செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டாள். வாராவாரம் இங்கே இவ்வளவு பேசுகிற நான்? வாயே திறக்கவில்லை. அவள் பின்னாலேயே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புருஷனின் ஷேவிங் பிளேடை எடுத்து வெடிப்பைச் சீவியிருக்கிறாள் — யாரிடமும் சொல்லாமல். புதன்கிழமை ஜீப்பு ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. என்னவென்று போய்ப் பார்த்தால், கணுக்கால்வரை வீக்கம். காய்ச்சல் வேறு.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"எல்லாரும் சிரிச்சாகளேக்கா... வழுவழுன்னு ஆக்கிரலாம்னு பாத்தேன்."

ஆட்டோ பிடித்து ஓடினோம். ரத்தம் சோதித்த டாக்டரம்மா, சர்க்கரை எக்கச்சக்கம் என்றார். செல்விக்கே அதுவரை தெரியாது!

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்று பிடிபிடியென்று பிடித்தார். "இனி பிளேடு, கல்லு எதுவும் குதிகால் பக்கம் போகக் கூடாது. புண்ணு ஆறினப்புறம், வெதுவெதுப்பான தண்ணில கழுவு — சூட்டைக் கையால பாத்துட்டு. விரலிடுக்குல ஈரமில்லாமத் துடை. குதிகாலுக்கு மட்டும் வாசலின். மேல பருத்தி சாக்ஸ்."

இவ்வளவுதான் வீட்டு வைத்தியம். இதற்கு ஒரு பிளேடும் மூன்று வாரப் படுக்கையும் தேவைப்பட்டிருக்கிறது!

கால் தப்பியது. கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா தமாசுக்குச் சொன்னது மேடம்."

தமாசு! கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு வந்தேன். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டியவள்.

இந்தத் திங்கட்கிழமை செல்வி மறுபடி ஜீப்பு ஏறினாள். காலில் சாக்ஸ். உள்ளே உட்கார்ந்திருந்த ஒருத்தி கிண்டலடித்தாள்: "என்ன ஆத்தா, ஆபீசுக்கா போற?"

செல்வி சிரிக்கவில்லை. "நீ உன் காலக் காட்டு" என்று அங்கேயே குனிந்து, அவள் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் வெடிப்பு.

"ஞாயித்துக்கெழம என்கூட டாக்டரம்மாகிட்ட வர்ற. ரத்தம் பாக்கணும்."

கேலி பண்ண மட்டும் நமக்கு வாய் வருகிறதே — குனிந்து பார்க்க இடுப்பு வளையாதா?