கூட்டிப்போக ஆளில்லாதவர்

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு அது. கொழும்புத்துறையில் படிப்பித்துக்கொண்டிருந்த நான், எங்கள் பங்கின் கன்னியாஸ்திரி ஒருவருடன் மறியல்சாலையின் பெண்கள் பகுதிக்குப் போய்வருவேன். சவர்க்காரம், பழைய சேலை, கருவாட்டுப் பொரியல் என்று ஏதாவது கொண்டுபோவோம்.

அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். எழும்பி நடக்கமாட்டாத இன்னொரு கைதியைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு குழைத்து ஊட்டுவது அவர்தான். இவருக்கு எப்போது விடுதலை என்று ஒருநாள் பெண் காவலரிடம் விசாரித்தேன்.

“உவவுக்கு வழக்கு ஒண்டும் இல்லை, ரீச்சர். கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. அதுதான் இருக்கிறா.”

எனக்கு விளங்கவில்லை. காவலரே விவரம் சொன்னார். மனம் குழம்பித் தெருவில் திரிந்த தங்கையைத் தமையன் பொலிசில் ஒப்படைத்திருக்கிறார். நீதிமன்றம் வைத்தியத்துக்குத் தெற்கே கொழும்புக்கு அனுப்பியிருக்கிறது. சுகமாகித் திரும்பியவரைக் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுக்கத்தான் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிஸ்ரரும் நானும் தமையன் வீட்டைத் தேடி அச்சுவேலிக்கு பஸ் ஏறினோம். தமையன் மரியாதையான மனிதர். தோட்டத்திலிருந்து வந்து, கைகால் கழுவி, எங்களை உள்ளே இருத்தினார். தேத்தண்ணி வந்தது. வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர்ச் சுவரில் அந்தப் பெண். சட்டம் போட்ட படம். சந்தனப் பொட்டு வைத்து, மேலே காய்ந்த மாலை.

தேத்தண்ணி என் சேலையில் ஊற்றுப்பட்டது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

“கலவரத்திலை செத்துப்போனா எண்டு ஊருக்குச் சொன்னனாங்கள்,” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் செய்தாச்சு. இனி உயிரோடை வந்து நிண்டால் என்ரை பிள்ளையை ஆர் கட்டுவினம்?”

சிஸ்ரர் எவ்வளவோ கதைத்துப் பார்த்தார். அவர் அசையவில்லை. ஆனாலும் படலைவரை வந்து எங்களை வழியனுப்பினார்.

கடைசியில் சிஸ்ரரின் மடமே அந்தப் பெண்ணைப் பொறுப்பெடுத்தது. நீதிமன்ற வாசலில், அண்ணை ஏன் வரவில்லை என்று கேட்டார். சிஸ்ரர் ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் அழவில்லை.

“அந்தியேட்டிக்குக் கன சனம் வந்ததாமோ?” என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன்.

அதன்பின் அவர் மடத்தின் முதியோர் இல்லத்தில், படுக்கையில் கிடந்தவர்களைப் பராமரித்துக்கொண்டு இருந்தார். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, மழையில், நடக்க ஏலாத ஒருவரைக் கைவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாராம். கண்டவர்கள் சொன்னார்கள். பிறகு அவரைப்பற்றி ஒன்றும் அறியேன்.